டெபியன் 13க்கு மலையக முகம்: க்ரப் மெனு முதல் பின்னணிப் படம் வரை ஒரு மதிப்பீடு

பாடசாலைக் கணினி அறையோ, தோட்டத்து வாசிகசாலையோ, ஹட்டன் கடைத்தெரு மாடியில் நடக்கும் கணினி வகுப்போ, அதற்கென்று ஒரு முகம் வேண்டுமென்றால் இலவச இயங்குதளங்களில் எங்கள் முதல் தெரிவு டெபியன் 13தான். மேசைத்தளம் எக்ஸ்எஃப்சிஇ. பொத்தானை அழுத்தியதிலிருந்து மாணவர் வேலையைத் தொடங்கும் வரை கண்ணில் படும் படங்கள் நான்கு: க்ரப் மெனுவின் (எந்த இயங்குதளம் எழும்ப வேண்டும் என்று முதலில் கேட்கும் பட்டியலின்) பின்னணி, தொடக்கத் திரை, நுழைவுத் திரை, மேசைத்தளப் பின்னணி. இவற்றில் மூன்றை ஒரே கோப்புறையில் வைத்து ஒரே கட்டளையில் மாற்ற டெபியன் வழி செய்திருக்கிறது. மற்ற லினக்ஸ் விநியோகங்களில் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகளில்) இவ்வளவு ஒழுங்கு இல்லை. தொடக்கத் திரை மட்டும் தனி வழியில் போகிறது. சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் வருவதால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், காட்டியபடி இடைக்கோடுகளுடன் தட்டுங்கள். 'க்ரப்_' என்று தொடங்கும் அமைப்பு வரிகள் பேரெழுத்து. வேறு எங்காவது பேரெழுத்து வந்தால் அங்கேயே சொல்கிறோம்.

முதலில் இயந்திரத்தைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 9இல் வெளிவந்த டெபியன் 13, பழைய 32-பிட் கணினிகளுக்கு நிறுவியோ கெர்னலோ (இயங்குதளத்தின் மையக் கரு) தருவதில்லை. அன்பளிப்பாக வந்த பழைய பென்டியம் 4 பெட்டிகள் சில பாடசாலைகளில் இன்னும் கிடக்கின்றன. 64-பிட் ஓடாத அப்படிப்பட்டவற்றுக்கு டெபியன் 12 போடலாம். கீழே சொல்லும் வழிமுறைகள் அதிலும் செல்லும்.

கட்டளை தட்டத் தொடங்கியவுடனேயே பலர் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. நிறுவும்போது ரூட் (முழு உரிமை கொண்ட நிர்வாகப் பயனர்) கடவுச்சொல் கொடுத்திருந்தால், சாதாரணப் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகக் கட்டளை ஓட்டும் அனுமதி) கிடைக்காது. அப்போது 'எஸ்யூ' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு இடைக்கோடும் போட வேண்டும். இடைக்கோட்டை விட்டால் ரூட்டாக மாறினாலும் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறை தேடும் பாதையில் சேராது. 'அப்டேட்-க்ரப்' தட்டினால் கட்டளையே இல்லை என்று பதில் வரும்.

டெபியனின் கலை வேலைகள் எல்லாம் 'டெஸ்க்டாப்-பேஸ்' என்ற ஒரே பொதியில் இருக்கின்றன. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிய கருப்பொருள் வருகிறது: 11க்கு ஹோம்வேர்ல்ட், 12க்கு எமரால்ட், இரண்டும் ஜூலியட் டாகா வரைந்தவை, 13க்கு எலிஸ் கூப்பரின் செராடோப்சியன். யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் டெஸ்க்டாப்-பேஸ் என்று போனால் ஒவ்வொன்றும் தனிக் கோப்புறையாக இருக்கும். 'ஆக்டிவ்-தீம்' என்ற இணைப்பு அவற்றில் ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். க்ரப், நுழைவுத் திரை, பின்னணிப் படம் மூன்றும் அந்த இணைப்பின் வழியாகவே தங்கள் படத்தைத் தேடுகின்றன. உங்கள் பாடசாலையின் தீமும் அதே வரிசையில், அதே தகுதியோடு அமரலாம். இந்த அமைப்பு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

செராடோப்சியன்-தீம் கோப்புறையை 'சிபி -ஏ' கட்டளையால் புதுப் பெயரில் நகலெடுங்கள். '-ஏ' போடாமல் வெறும் 'சிபி' கொடுத்தால் கோப்புறை நகலாகாது. மூலக் கோப்புறைக்குள்ளேயே படத்தை மாற்றிவிடக் கூடாது. அவை அமைப்புக் கோப்புகளாகப் பதியப்படவில்லை, ஆகவே அடுத்த புதுப்பிப்பு உங்களிடம் கேட்காமலே அவற்றின் மேல் எழுதிவிடும். நகலில் படங்களை மாற்றியபின் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --இன்ஸ்டால்' என்று தட்டி, அதன் பின்னால் நான்கு விவரங்களை இந்த வரிசையில் கொடுங்கள்: ஆக்டிவ்-தீம் இணைப்பின் முழுப் பாதை, 'டெஸ்க்டாப்-தீம்' என்ற பெயர், உங்கள் கோப்புறையின் முழுப் பாதை, முன்னுரிமை எண் 50. பிறகு '--கான்ஃபிக் டெஸ்க்டாப்-தீம்' கொடுத்து உங்கள் வரிசை எண்ணைத் தெரிவு செய்தால் போதும். கையால் தெரிவு செய்தது நிலையாக நிற்கும். அடுத்த வெளியீட்டுக்கு மேம்படுத்தும்போது புதிய தீம் வந்தாலும் உங்களுடையதை அது தள்ளாது.

க்ரப் பின்னணிதான் எல்லாவற்றிலும் கண்டிப்பானது. பிஎன்ஜி, ஜேபிஇஜி, டிஜிஏ மூன்று வகைகளை மட்டும் ஏற்கும், அதிலும் நிபந்தனைகள் உண்டு. ஜிம்ப் படத் திருத்தியில் ஏற்றுமதி செய்யும்போது ஜேபிஇஜி என்றால் 'ப்ரொக்ரெசிவ்' குறியை நீக்குங்கள், பிஎன்ஜி என்றால் 'இன்டர்லேசிங்' குறியை நீக்குங்கள். நிற முறை ஆர்ஜிபி ஆக இருக்கட்டும், இன்டெக்ஸ்டு வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே வைத்து, மெனு ஏன் கறுப்பாக வருகிறது என்று தேடுவோருக்கு விடை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

மெனு எழுத்தின் நிறம் தீமின் க்ரப் கோப்புறையில் இருக்கும் 'க்ரப்_பேக்ரவுண்ட்' ஷெல் கோப்பில் முடிவாகிறது (இதன் பெயர் மட்டும் சிற்றெழுத்து). 'வைட்/ப்ளாக்' என்று எழுதினால் வெள்ளை எழுத்து வரும். இரண்டாவதாக எழுதும் கறுப்பை க்ரப் ஒளிபுகும் தளமாக எடுத்துக்கொள்வதால் பின்னால் படம் தெரியும். கறுப்புக்குப் பதில் வேறு நிறம் எழுதினால் எழுத்துக்குப் பின்னால் பட்டை பட்டையாக அந்த நிறம் நிற்கும்.

தெளிவு அளவில் கவனம் தேவை. கடைகளில் கிடைக்கும் பழைய மடிக்கணினிகளில் 1366க்கு 768 திரைகள் அதிகம். பயாஸ் என்ற பழைய தொடக்க முறையில் இயங்கும் பல இயந்திரங்களில் அந்த அளவை வீடியோ அட்டை க்ரப்புக்குக் காட்டாது. மெனுவில் 'சி' விசையை அழுத்தி 'வீடியோஇன்ஃபோ' என்று தட்டினால் எந்தெந்த அளவுகள் கிடைக்கின்றன என்று பட்டியல் வரும். எட்ஸி, டிஃபால்ட், க்ரப் என்று போய் அந்தக் கோப்பில் 'க்ரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட்' வரிக்கு 1024க்கு 768, அதன்பின் காற்புள்ளி போட்டு 'ஆட்டோ' என்று கொடுப்பது பாதுகாப்பானது. வரியில் '1024எக்ஸ்768' என்று எண்களுக்கு நடுவே சிறிய எக்ஸ் வர வேண்டும். 17 அங்குலச் சதுரத் திரைகள் உள்ள அறையில் அகலப் படம் கொடுத்தால் மலை ஒடுங்கித் தெரியும். அப்படிப்பட்ட அறைக்கு 4:3 படம் தனியாக வெட்டிக்கொள்ளுங்கள். கோப்பைத் திருத்தியபின் 'அப்டேட்-க்ரப்'.

விண்டோஸும் சேர்ந்திருக்கும் கணினியில் 'அப்டேட்-க்ரப்' கொடுத்த பிறகு மெனுவில் விண்டோஸ் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அதே கோப்பில் 'க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்' வரிக்கு 'ஃபால்ஸ்' கொடுத்து மறுபடி ஓட்டினால் வந்துவிடும்.

தமிழைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். க்ரப் மெனுவில் தமிழ் எழுத்துகளைத் தட்டிச் சேர்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்திய எழுத்துமுறைகளுக்குத் தேவையான எழுத்து இணைப்பு வேலை அதில் இல்லை. 'கொழுந்து' என்று எழுதினால் கொம்பும் காலும் உரிய இடத்தில் உட்காராது. பாடசாலையின் பெயர் தமிழில் வர வேண்டுமென்றால் படத்திலேயே எழுதிவிடுவதுதான் வழி, அது அழகாகவும் வரும். இங்க்ஸ்கேப் வரைகலைச் செயலியில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவில் எழுதி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை உருவமாக மாற்றிவிடுங்கள். அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு இல்லை என்ற கேள்வியே எழாது. பழைய நோட்டீஸ், சான்றிதழ் கோப்புகளிலிருந்து பெயரை வெட்டி ஒட்ட வேண்டாம். நம் பக்கத்து அச்சகங்களில் பாமினி என்ற யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் ஏராளம், அவை யுனிகோட் எழுத்துருவில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே விழும்.

இனி தொடக்கத் திரை. இதைக் கவனிக்கும் மென்பொருள் ப்ளைமவுத், 2008இல் ஃபெடோரா 10உடன் பரவலாக வந்தது. டெபியனில் அது இயல்பாக ஓடுவதில்லை. க்ரப் அமைப்புக் கோப்பில் 'க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' வரியில் 'க்வைட்' என்று மட்டும் இருக்கும். அதோடு 'ஸ்ப்ளாஷ்' சேர்த்து 'அப்டேட்-க்ரப்' கொடுத்தால்தான் படம் வரும். புதிதாக வருபவருக்கு இதை நிறுவியிலேயே கேட்டிருக்கலாம், இது டெபியனின் குறைதான்.

சொந்தத் தீமுக்கு யூஎஸ்ஆர், ஷேர், ப்ளைமவுத், தீம்ஸ் என்ற பாதையில் ஒரு கோப்புறை திறக்க வேண்டும். உள்ளே மூன்று போதும்: தீமின் விவரக் கோப்பு, ஸ்கிரிப்ட் கோப்பு, பிஎன்ஜி படம். விவரக் கோப்பின் பெயரும் கோப்புறையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், கோப்பின் பின்னொட்டு 'ப்ளைமவுத்'. உள்ளே 'மாட்யூல்நேம்' வரியில் 'ஸ்கிரிப்ட்' என்றும், 'இமேஜ்டிர்', 'ஸ்கிரிப்ட்ஃபைல்' வரிகளில் முழுப் பாதையும் கொடுக்க வேண்டும் (இந்த மூன்று வரிப் பெயர்களிலும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பேரெழுத்து). வேறொரு தீமை நகலெடுத்துத் தொடங்குபவர்கள் இந்த இரண்டு பாதைகளை மாற்ற மறப்பது வழக்கம். அப்போது பெயர் புதிதாக இருக்கும், திரையில் பழைய படமே ஓடும்.

முழுத் திரைப் புகைப்படத்தை இங்கே வைக்க வேண்டாம். பெரிய படத்தைத் தொடக்க நேரத்தில் அளவு மாற்றுவது பழைய செயலிக்குச் சுமை, தொடக்கக் கோப்பின் (கணினி எழும்பும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் கோப்பின்) அளவும் வீணாகக் கூடும். ஸ்கிரிப்ட்டில் 'விண்டோ' (முதல் எழுத்து பேரெழுத்து) பொருளுக்கு மேல் நிறம், கீழ் நிறம் என்று இரண்டு கொடுத்தால் ப்ளைமவுத்தே இடையில் நிறத்தைக் கரைத்து நிரப்பிவிடும். நிற எண்கள் 0 முதல் 1 வரைதான். 0 முதல் 255 வரை என்று நினைத்து எழுதினால் திரை வெளுத்துவிடும். மேலே கறுப்பு, கீழே 0.02, 0.12, 0.06 என்று கொடுத்துப் பாருங்கள், விடிவதற்கு முந்திய தேயிலை மலையின் கரும்பச்சை கிடைக்கும். நடுவில் 300 புள்ளி அகலத்தில் ஒரு சின்னம்: சிவனொளிபாத மலையின் கூம்பு உருவம், இரண்டு இலையும் ஒரு அரும்பும் கொண்ட கொழுந்து, அல்லது பாடசாலை இலச்சினை. ஒளிபுகும் தளம் கொண்ட பிஎன்ஜி ஆக இருக்கட்டும். சின்னத்தின் இடத்தை எண்ணாக எழுதிவிடாமல், திரை அகலத்தில் பாதியிலிருந்து படத்தின் அகலத்தில் பாதியைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரே அறையில் மூன்று விதத் திரைகள் இருந்தாலும் அது நடுவில்தான் நிற்கும்.

அசைவு வேண்டுமென்றால் சின்னம் மெல்ல மங்கி ஒளிர்வதே போதும். புதுப்பிப்புச் செயற்கூறு வினாடிக்கு 50 தடவை அழைக்கப்படும். அதில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போய் சைன் மதிப்பை எடுத்து ஒளிபுகாமைக்குக் கொடுத்தால் ஒரே படத்தில் வேலை முடியும். முப்பது, நாற்பது படங்களைத் தொடராக ஓட்டும் தீம்கள் பார்க்க அழகு, ஆனால் எஸ்எஸ்டி போட்ட கணினியில் அவை பாதி ஓடும் முன்பே நுழைவுத் திரை வந்துவிடும்.

வட்டை மறைகுறியாக்கம் செய்திருந்தால், கடவுச்சொல் கேட்கும் செயற்கூற்றை ஸ்கிரிப்ட்டில் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணினி கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும், திரையில் சின்னம் மட்டும் இருக்கும், பார்ப்பவர் உறைந்துவிட்டது என்று பொத்தானை அழுத்தி நிறுத்துவார். எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் விலகி எழுத்துத் திரை வரும். இதை அறையில் ஒட்டி வைக்கும் தாளில் எழுதிவிடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு கோப்பு முறைமை சோதனை நடக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவும் அதே விசைதான்.

தீமை இயக்க 'ப்ளைமவுத்-செட்-டிஃபால்ட்-தீம்', பிறகு '-ஆர்' (இது பேரெழுத்து), பிறகு தீமின் பெயர். அந்த '-ஆர்' தான் தொடக்கக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுகிறது. அதை விட்டுவிட்டதை ஒரு அறிகுறியால் கண்டுபிடிக்கலாம்: கணினியை நிறுத்தும்போது புதிய தீம் வரும், தொடங்கும்போது பழையது வரும். நிறுத்தும்போது ப்ளைமவுத் வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கிறது, தொடங்கும்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நகலைப் படிக்கிறது. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுத்தால் சரியாகும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் ரூட்டாக நுழைந்து, 'ப்ளைமவுத்டி', 'ப்ளைமவுத் ஷோ-ஸ்ப்ளாஷ்', 'ஸ்லீப் 10', 'ப்ளைமவுத் க்விட்' நான்கையும் அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் தட்டுங்கள். ஒரே வரியில் தட்டினால் 10 வினாடிக்குப் பிறகு திரை தானாகத் திரும்பும். தனித்தனியாகத் தட்டினால் படம் வந்தபின் நிறுத்தும் கட்டளையைத் தட்ட இடம் கிடைக்காது.

மலைப்பக்கத்தில் மழைக்காலத்து மின்வெட்டை நினைத்தே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் கட்டும்போது கரண்ட் போனால் கணினி போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கட்டளை புதியதை 'நியூ' பின்னொட்டுடன் தனியாக எழுதி, முடிந்த பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கிறது. அதனால் நடுவில் நின்றால் பெரும்பாலும் பழையதே தப்பி நிற்கும். அதோடு '-யூ' என்று மட்டும் கொடுத்தால் புதிய கெர்னலுக்குரியது மட்டுமே மாறும். க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்ப் பழைய கெர்னலைத் தெரிவு செய்தால் தொடாத நிலையில் கணினி எழும்பும். இதனால்தான் எல்லாக் கெர்னல்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டும் '-கே ஆல்' வேண்டாம் என்கிறோம், க்ரப் மெனுவை முழுவதும் மறைத்துவிடவும் வேண்டாம் என்கிறோம். மெனு காத்திருக்கும் நேரத்தை 3 வினாடிக்குக் கீழே குறைக்காதீர்கள். பழைய திரைகள் விழித்தெழவே இரண்டு வினாடி எடுக்கும்.

உண்மையில் ஆபத்து பூட் பகிர்வு (கெர்னலும் தொடக்கக் கோப்பும் இருக்கும் வட்டுப் பகுதி) நிரம்புவதில் இருக்கிறது. 12இலிருந்து 13க்கு மேம்படுத்துவோருக்கு பூட் பகிர்வு 768 எம்பி ஆவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவு காலியாக வேண்டும் என்று டெபியனே சொல்கிறது. பழைய கெர்னல்களை 'ஏபிடி ஆட்டோரிமூவ்' கொடுத்து நீக்கிய பிறகு தீம் வேலையைத் தொடங்குங்கள்.

என்விடியா அட்டை உள்ள கணினியில் நிறுவனத்தின் மூடிய இயக்கியைப் போட்டிருந்தால் தொடக்கத் திரை எழுத்தாக வரக்கூடும், அல்லது வராமலே போகலாம். கெர்னல் வரியில் 'என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1' சேர்த்துப் பாருங்கள். இன்டெல் வரைகலையில் படம் தாமதமாக வந்தால் எட்ஸி, இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், மாட்யூல்ஸ் கோப்பில் 'ஐ915' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி கட்டினால் முன்கூட்டியே வரும்.

நுழைவுத் திரை எளிது. நுழைவைக் கவனிக்கும் லைட்டிஎம் மென்பொருளின் வரவேற்புத் திரை, தீமின் 'லாகின்' கோப்புறையிலிருக்கும் எஸ்விஜி படத்தை எடுக்கும். இங்க்ஸ்கேப்பில் புகைப்படம் சேர்த்து எஸ்விஜி செய்வோர் 'எம்பெட்' தெரிவைத் தெரிய வேண்டும். 'லிங்க்' தெரிவு செய்தால் வேறு கோப்புறையில் கிடக்கும் படத்தை அது திறக்காது, திரையில் வெற்றிடம் நிற்கும். புகைப்படமே போதுமென்றால் லைட்டிஎம் ஜிடிகே க்ரீட்டர் அமைப்புக் கோப்பில் 'பேக்ரவுண்ட்' வரிக்குப் படத்தின் பாதையைக் கொடுங்கள். படம் யூஎஸ்ஆர், ஷேர், பேக்ரவுண்ட்ஸ் கோப்புறையில் இருக்கட்டும். பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இருந்தால் வரவேற்புத் திரைக்கு அதைப் படிக்க உரிமை இருக்காது. டெம்ப் கோப்புறையிலும் வைக்காதீர்கள், டெபியன் 13இல் அது நினைவகத்தில் இருப்பதால் மறுதொடக்கத்தோடு அழிந்துவிடும். 'யூசர்-பேக்ரவுண்ட்' வரிக்கு 'ஃபால்ஸ்' கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மாணவரின் படமும் நுழைவுத் திரையில் மாறி மாறி வரும்.

பின்னணிப் படத்துக்கு எதைத் தெரிவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளை முழுத் திரைக்கு வைப்பது எல்லோரும் செய்வது. ஆனால் தேயிலைச் செடியின் நுண்ணிய இலை அமைப்பு திரை முழுவதும் இருந்தால், அதன் மேல் அமரும் சின்னங்களின் பெயர்கள் படிக்க முடியாமல் போகும். நானுஓயாவில் பனி மூடிய காலைப் படமும் அப்படித்தான், வெள்ளைப் பனியில் வெள்ளை எழுத்து மறைந்துவிடும். சின்னங்கள் நிற்பது இடது பக்கம். அந்தப் பக்கம் இருண்ட, அமைதியான பரப்பாகவும், காட்சி வலது பக்கமாகவும் இருக்கும் படத்தைத் தேடுங்கள். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தை வலது ஓரமாக வைத்து, இடது பக்கம் காடு இருண்டிருக்கும் படம் நன்றாக உட்காரும். மாலை வெளிச்சத்து காசல்ரீ நீர்த்தேக்கமும் அப்படியே. கொழுந்து பறிக்கும் பெண்களின் முகத்தை அவர்களைக் கேட்காமல் முப்பது கணினிகளில் மாட்டாதீர்கள். அவர்களும் இந்த ஊரில் இருப்பவர்கள், அவர்களின் பிள்ளைகள்தான் அந்த அறையில் படிக்கிறார்கள்.

எக்ஸ்எஃப்சிஇயில் குறை ஒன்று இருக்கிறது. பின்னணிப் படத்தைத் திரையின் இணைப்புப் பெயரோடு சேர்த்தே அது நினைவில் வைக்கும். விஜிஏ கம்பியில் தெரிந்த படம் எச்டிஎம்ஐக்கு மாற்றினால் வராது. எந்தப் பெயர் என்று அறிய 'எக்ஸ்எஃப்கான்ஃப்-க்வெரி -சி எக்ஸ்எஃப்சிஇ4-டெஸ்க்டாப் -எம்' ஓட்டிவிட்டுக் கையால் ஒரு தடவை படத்தை மாற்றுங்கள். மாறிய அமைப்பின் பெயர் அப்படியே திரையில் விழும். ஏற்கெனவே படம் மாற்றிய பயனருக்கு உங்கள் புதிய தீம் தானாகச் சேராது என்பதையும் கவனியுங்கள். மாணவர் மாற்றக் கூடாதென்றால் எட்ஸி, எக்ஸ்டிஜி, எக்ஸ்எஃப்சிஇ4 வழியே போய் எக்ஸ்எஃப்கான்ஃப் கோப்புறையில் 'எக்ஸ்எஃப்சிஇ4-டெஸ்க்டாப்' என்ற அதே அமைப்புத் தொகுதிக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வைத்து, 'லாக்டு' பண்புக்கு நட்சத்திரக் குறியும் 'அன்லாக்டு' பண்புக்கு 'ரூட்' என்றும் கொடுக்கலாம்.

உபுண்டுவிலும் லினக்ஸ் மின்ட்டிலும் தொடக்கத் திரை நிறுவியவுடனே ஓடும். அது மட்டும் போதுமென்பவர்களுக்கு அவை இலகு. அங்கே தீம் தெரிவதும் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' வழியே, பெயர் 'டிஃபால்ட்.ப்ளைமவுத்'. நான்கு திரைக்கும் ஒரே முகம் கொடுக்க அங்கே நான்கு இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். அமைப்புக் கோப்புகளைத் திருத்தத் தயங்குபவர்கள் தேடிப்போகும் க்ரப் கஸ்டமைசரை எந்த விநியோகத்திலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எட்ஸிக்குள் இருக்கும் க்ரப்.டி கோப்புறையின் ஒழுங்கை அது மாற்றி வைத்துவிடும், பிறகு கையால் திருத்துவது கடினம்.

ஒரு கணினியில் எல்லாம் சரியாக வந்தபின் மற்றவற்றுக்குக் கொண்டுபோக, தீம் கோப்புறைகள் இரண்டையும் 'டார்' கோப்பாகக் கட்டி பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். விரித்த பிறகு ஒவ்வொன்றிலும் ஆல்டர்நேட்டிவ்ஸ், ப்ளைமவுத் கட்டளைகளை ஓட்டி, கடைசியில் 'அப்டேட்-க்ரப்' கொடுங்கள். க்ரப் அமைப்புக் கோப்பை மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க வேண்டாம். திரை அளவும் கெர்னல் வரியும் கணினிக்குக் கணினி வேறு.